பூவுக்காக வாங்கினேன், பட்டைக்காக வைத்திருக்கிறேன்: கிரேப் மிர்ட்டிலோடு 11 வருடம்

எங்கள் வாசல் ஓரத்தில் இரண்டு கிரேப் மிர்ட்டில் நிற்கின்றன. ஒன்று இளஞ்சிவப்புப் பூ. வைத்து 11 வருடம் ஆகிறது. இன்னொன்று வெள்ளை, 'நாட்செஸ்' என்ற ரகம். அதற்கு வயது 8. இவை போகத் தொட்டியில் ஒரு குட்டை ரகம் 5 வருடமாக இருக்கிறது. இந்தச் செடியைப் பற்றிய அனுபவங்களைத் தேடிப் படித்தால் பெரும்பாலும் வாங்கிய வருடமே எழுதியவைதான் கிடைக்கின்றன. முதல் பூ பூத்ததும் படம், அதற்குக் கீழே நாலு வரி பாராட்டு. அந்தப் பாராட்டில் தப்பு இல்லை. ஆனால் இந்தச் செடியிடம் உள்ளதில் பாதி அந்த வருடத்தில் கண்ணுக்கே தெரியாது. எனக்கு அது தெரிய 7 வருடம் ஆனது. அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என் கையில் இருந்த கத்தரி. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செடி எது என்று சொல்லிவிடுகிறேன். தாவரவியல் பெயர் லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. சாலையோரங்களில் ஊதாவாகப் பூக்கும் பூமருது மரத்தின் நெருங்கிய சொந்தம். அது பெரிய மரம், இது புதர் அல்லது சிறு மரம். பெயரில் மிர்ட்டில் என்று இருந்தாலும் மிர்ட்டில் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாதுளையும் மருதாணியும் இருக்கிற குடும்பம்தான் இதன் குடும்பம். மாதுளம்பூ இதழைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உறவைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதே கசங்கல், அதே மெல்லிய காகிதத்தன்மை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1759ஆம் ஆண்டில் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்துகொண்டு தனக்குச் செடி மாதிரிகள் கிடைக்க உதவிய மாக்னஸ் வான் லாகர்ஸ்ட்ரோம் என்பவரின் பெயரைச் சூட்டினார். சீனாவில் இதற்கு 'நூறு நாள் சிவப்பு' என்று ஒரு வழக்குப் பெயர் உண்டு. அது வெறும் புகழ்ச்சி இல்லை. எங்கள் இளஞ்சிவப்புச் செடி நல்ல வருடங்களில் கிட்டத்தட்ட அந்தக் கணக்கைத் தொடுகிறது.

வாங்கும்போது முழங்கால் உயரம். கிளை நுனியில் ஒரே ஒரு பூங்கொத்து. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

பூவைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள் என்றாலும், கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். மொட்டு முதலில் மிளகு அளவு, பிறகு சுண்டைக்காய் அளவு. உருண்டையாக, கெட்டியாக இருக்கும். ஒரு நாள் காலையில் அதன் தலையில் ஆறு கோடு தெரியும். வெடித்ததும் உள்ளே அடைத்து வைத்த இதழ்கள் கசங்கியபடியே வெளியே வரும். ஆறு இதழ். ஒவ்வொன்றும் நூல் போன்ற காம்பில் நிற்கும். அதனால் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக ஆடும். நடுவில் முப்பது நாற்பது சின்ன மகரந்தத் தாள்கள் மஞ்சள் குஞ்சம் போல நெருக்கமாக இருக்கும். அவற்றைச் சுற்றி வெளியே ஆறு மட்டும் நீளமாக, உள்பக்கம் வளைந்து நிற்கும். அவற்றின் நிறம் மங்கல். சட்டென்று கண்ணில் படாது.

இந்த இரண்டு வகைக்கும் வேலை வேறு வேறு. பூவில் தேன் கிடையாது. தேனீ வருவது மகரந்தத்துக்காக மட்டுமே. கண்ணைப் பறிக்கும் நடு மஞ்சள் அதற்கான தீனி. அது குனிந்து அதைத் திரட்டிக்கொண்டிருக்கும்போது, வெளியே வளைந்து நிற்கும் ஆறும் அதன் உடம்பில் தம் மகரந்தத்தை ஒட்டிவிடுகின்றன. அடுத்த பூவின் சூல்முடி அதே வளைவில் நிற்பதால் அந்த மகரந்தம் சரியாகப் போய்ச் சேருகிறது. இதை ஒருநாள் காலை ஏழு மணிக்கு, காபி ஆறிப்போகும் வரை நின்று பார்த்தேன். ஒரு தேனீ பன்னிரண்டு பூவுக்குப் போனது. ஒருமுறைகூட வெளி ஆறின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவை அதைத் தொடாமல் விடவும் இல்லை.

இனி கத்தரிக்கு வருகிறேன்.

கிரேப் மிர்ட்டில் அந்தந்த வருடம் துளிர்க்கும் புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். இது உண்மை. இந்த உண்மையை அரைகுறையாகப் புரிந்துகொண்டதுதான் என் தவறு. புதுக் கிளையில் பூக்கும் என்றால் பழையதை எல்லாம் வெட்டிவிட்டால் நிறையப் பூக்குமே என்று கணக்குப் போட்டேன். சுற்றிலும் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். குளிர்காலம் வந்ததும் இடுப்பு உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. நானும் தொடர்ந்து நான்கு குளிர்காலம் அதையே செய்தேன்.

பலன் என்ன ஆனது? வெட்டிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஏழெட்டுப் போத்துகள் சாட்டை போல நீளமாகக் கிளம்பின. பூங்கொத்து பெரிதாக இருந்தது, மறுக்கவில்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தப் போத்துக்கு அவ்வளவு கனத்தைத் தாங்கும் பலம் இல்லை. ஒரு மழை பெய்தால் போதும், பூ எல்லாம் தலைகீழாகத் தொங்கி மண்ணைத் தொட்டது. பூக்கத் தொடங்குவதும் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போனது. செடி முதலில் இழந்த உயரத்தை எட்டிப்பிடித்துவிட்டுத்தான் மொட்டுக் கட்டியது. வருடா வருடம் அதே இடத்தில் வெட்டியதால் அங்கே கைமுட்டி போலக் கணு வீங்கியது. இலை இருக்கும்போது அது தெரியாது. இலை உதிர்ந்ததும் வாசலில் ஏழு முட்டிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்குள் வர வேண்டும்.

ஐந்தாவது வருடம், பூ நிறைந்திருந்த ஒரு மாலையில் பலத்த காற்று. அந்த முட்டிகளிலிருந்து கிளம்பிய போத்துகளில் பாதி பிய்ந்து விழுந்தன. முறிந்த இடத்தைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. போத்து தண்டின் உள்ளிருந்து வளரவில்லை. தோலுக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இயற்கையாகப் பிரியும் கவையில் இருக்கிற பிடிப்பு அங்கே இல்லை. வெட்டுப்பட்ட முட்டிகளில் இரண்டின் உள்ளே ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் செடியை அடியோடு வெட்டினேன். தரையிலிருந்து நாலு விரல் விட்டு, மொத்தமாக. செடி பிழைக்குமா என்ற பயம் இருந்தது. தேவையில்லாத பயம், இதன் வேர் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வெயில் ஏறியதும் தூரிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட துளிர்கள் வந்தன. முதல் வருடம் எதையும் தொடவில்லை. வேருக்குச் சோறு போட இலை வேண்டும் என்று அப்படியே விட்டேன். அடுத்த குளிர்காலத்தில், ஒன்றோடொன்று உரசாமல் வெளிப்பக்கம் சாய்ந்து போகிற ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு எடுத்தேன். அந்த ஐந்தும்தான் இப்போது ஆறு வயதுத் தண்டுகளாக நிற்கின்றன. அவற்றின் தலையில் ஒருமுறைகூடக் கத்தரி படவில்லை.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: இலை இல்லாத காலத்தில், துளிர்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால், செடியைச் சுற்றி ஒரு நடை. காய்ந்த குச்சி, உள்பக்கம் திரும்பிய கிளை, குறுக்கே போய் இன்னொன்றின் தோலை உரசும் கிளை, தூரிலிருந்து புதிதாகக் கிளம்பிய வேர்க்கன்று. இவற்றை எடுப்பேன், பிறந்த இடத்தோடு ஒட்ட எடுப்பேன், பாதியில் வெட்டி முனை விட மாட்டேன். பத்து நிமிட வேலை. எடுக்கும் எதுவும் என் விரலைவிடத் தடிமனாக இருக்காது. இலை உதிர்ந்த கையோடு வெட்டக் கூடாது. இதமான நாட்கள் வந்தால் செடி ஏமாந்து துளிர்த்துவிடும், பின்னால் வரும் கடுங்குளிரில் அந்தத் துளிர் கருகும்.

'வெட்டாவிட்டால் பூக்காது' என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். என் செடி அதற்கு நேர் எதிர்ச் சாட்சி. வெட்டாத கிளையின் ஒவ்வொரு சின்ன நுனியும் புதிதாக வளரத்தான் செய்கிறது. ஒவ்வொரு நுனியிலும் பூ வருகிறது. கொத்து கையகலம்தான். ஆனால் முன்பு எண்ணி முப்பது கொத்து இருந்த இடத்தில் இப்போது எண்ணவே முடியாது. மழை பெய்தாலும் தரையைத் தொடுவதில்லை.

கத்தரியைக் கீழே வைத்ததற்குப் பிறகு கிடைத்த பெரிய பரிசு பூ அல்ல, பட்டை.

முதலில் காட்டியது நாட்செஸ்தான். அதை நான் வைத்தது மூன்று வருடம் கழித்து என்பதாலும், இன்னும் சின்னது என்று நினைத்ததாலும் அதன் மேல் கத்தரி வைக்கவே இல்லை. நாலாவது கோடையில் ஒரு மதியம், அடித்தண்டில் யாரோ காகிதம் ஒட்டிக் கிழித்தது போல ஒரு சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ நோய் என்றுதான் முதலில் பதறினேன். தொட்டதும் அது கையோடு வந்தது. உலர்ந்த வெங்காயத் தோலின் கனம்கூட இல்லை. அதற்கு அடியில் இலவங்கப்பட்டை நிறத்தில், பளபளவென்று, குழந்தையின் கன்னம் போல வழவழப்பாகப் புதுத் தோல். வெயில் நேரத்திலும் உள்ளங்கையை வைத்தால் குளுமையாக இருந்தது. அடுத்த சில வாரங்களில் தண்டு முழுக்க அப்படியே உரிந்தது. உரிந்த துண்டுகள் கீழே சருகோடு சருகாகக் கிடந்தன.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது. கோடையில் உரிந்ததும் அந்த இலவங்கப்பட்டை நிறம் மிகவும் அழுத்தமாக இருக்கும். போகப்போகச் சாம்பலும் பழுப்பும் கலந்து திட்டுத் திட்டாக மாறும். குளிர்காலச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மழையில் நனைந்தால் எல்லா நிறமும் ஒரு படி கூடும். ஜப்பானில் இதற்குச் 'சருசுபேரி' என்று பெயர். குரங்கு வழுக்கும் மரம் என்று பொருள். தண்டைத் தடவிப் பார்த்தவர் வைத்த பெயர்தான் அது, சந்தேகமே இல்லை. சீனாவில் 'கூச்சம் உள்ள மரம்' என்றும் சொல்வார்கள்; அடித்தண்டைச் சொறிந்தால் நுனி நடுங்கும் என்பது அவர்கள் கண்டது. நானும் காற்றில்லாத ஒரு காலையில் நகத்தால் மெல்லச் சொறிந்து பார்த்தேன். நுனிக் கிளைகள் நடுங்கின. என் மகள் அதன் பிறகு அந்தச் செடியைத் தாண்டும்போதெல்லாம் ஒருமுறை சொறியாமல் போவதில்லை.

இளஞ்சிவப்புச் செடியில் பட்டை உரியத் தொடங்கியது இரண்டு வருடம் முன்புதான். வருடா வருடம் வெட்டியிருக்காவிட்டால் அந்த அழகு எனக்கு எப்போதோ கிடைத்திருக்கும். தண்டு முதிர வேண்டும், கொஞ்சம் தடிக்க வேண்டும். அதற்கு முன்னால் பட்டை உரியாது. பூவுக்காக மட்டும் செடி வைக்கிறவர்கள் இதை அறியாமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த இரண்டு செடிக்கும் இடையில் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு: சாம்பல் நோய். பழைய இளஞ்சிவப்புச் செடிக்குத் துளிர்க் காலத்திலும், கோடை முடிந்து இரவு குளிரத் தொடங்கும்போதும் இலை மேல் வெள்ளை மாவு தூவியது போல வந்துவிடும். இளந்துளிர் சுருளும், மொட்டு மேல் படிந்தால் அது விரியாமலே நின்றுவிடும். நாட்செஸ் பத்தடி தள்ளித்தான் நிற்கிறது, இந்த 8 வருடத்தில் ஓர் இலையில்கூட நான் பார்க்கவில்லை. இது தற்செயல் இல்லை. ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து லாகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியை என்ற காட்டு இனத்தின் விதைகளை அமெரிக்கத் தாவர ஆய்வாளர் ஜான் கிரீச் 1956ஆம் ஆண்டில் சேகரித்துக் கொண்டுவந்தார். அந்த இனத்துக்குச் சாம்பல் நோய் எளிதில் வராது, பட்டையும் மிக அழகு. அமெரிக்க தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் அதை இண்டிகாவோடு கலந்து புது ரகங்களை உருவாக்கினார். அவற்றுக்கு அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்களைச் சூட்டினார். நாட்செஸ், மஸ்கோகீ இரண்டும் 1978ஆம் ஆண்டில் வெளிவந்தவை. அகோமா, ஹோப்பி, டோன்டோ போன்ற சிறிய ரகங்கள் பிற்பாடு வந்தன. என் வாசலில் அந்த உழைப்பின் பலன் நோயில்லாமல் நிற்கிறது.

பழைய செடிக்கு மருந்து அடித்தும் பார்த்தேன். அதைவிடப் பலன் தந்தது வெயிலும் காற்றும்தான். அதன் மேல் மதியம் நிழல் விழச் செய்த வேலி மரக் கிளை ஒன்றை எடுத்தேன்; ஐந்து தண்டுகளுக்கு நடுவே காற்று போக இடம் இருந்தது. நோய் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. இந்தச் செடிக்கு நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். அதற்குக் கீழே போனால் பூவும் குறையும், நோயும் கூடும், இலையுதிர் காலத்து நிறமும் வராது. நிழலான இடம்தான் இருக்கிறது என்றால் வேறு செடி வையுங்கள்; இதை வைத்து ஏமாற வேண்டாம்.

அசுவினிக்கும் ஒரு வார்த்தை. இந்தச் செடிக்கென்றே ஒரு அசுவினி இனம் உண்டு. இலையின் அடிப்பக்கம் இருந்து சாற்றை உறிஞ்சும். அதன் இனிப்புக் கழிவு கீழ் இலைகளில் பிசுபிசுவென்று படியும். அதன் மேல் கரும்பூசணம் பிடித்து இலை அடுப்புக்கரி பூசியது போல ஆகும். மூன்றாவது வருடம் எனக்கு இது மிக மோசமாக வந்தது. காரணம் நான்தான்: பூ நிறைய வரட்டும் என்று தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டிருந்தேன். பூ வரவில்லை. தளதளவென்று இலை வந்தது, அதைத் தின்ன அசுவினி வந்தது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை, துளிர்க்கும் காலத்தில், தூரைச் சுற்றி மக்கிய எரு இரண்டு கூடை, அவ்வளவுதான். அசுவினி தெரிந்தால் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடிப்பேன். பொறிவண்டுகள் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன. வாகனம் நிறுத்தும் இடத்துக்கு மேலே மட்டும் இந்தச் செடியின் கிளை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிசுபிசுப்பு வண்டியில் விழுந்தால் துடைத்து மாளாது.

பட்டைச் செதில் பூச்சி என்று ஒன்று அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டில் முதலில் டெக்சாஸில் தென்பட்டு, அங்கே பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. தண்டில், குறிப்பாகக் கவையிலும் வெட்டுக்காயத்தைச் சுற்றியும், வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். நசுக்கினால் இளஞ்சிவப்பு நீர் வரும். எனக்கு இதுவரை வந்ததில்லை. புதுச் செடி வாங்கும்போது தண்டை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

இலையுதிர் காலத்தை நான் முதலில் பொருட்படுத்தவே இல்லை. பூ முடிந்தால் கதை முடிந்தது என்று இருந்தேன். நாட்செஸின் இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சில கிளைகளில் சிவப்பில் போய் முடியும். ஒரே கிளையில் மூன்று நிறமும் ஒரே நாளில் இருப்பதும் உண்டு. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து வரும் வருடங்களில் மூன்று வாரம்கூட நீடிக்கும். மூட்டமும் மழையுமாகப் போகும் வருடங்களில் மஞ்சளோடு உதிர்ந்துவிடும். சாம்பல் நோய் பிடித்த இலை எந்த நிறத்துக்கும் வராது. பழுப்பாகிச் சுருண்டு விழும்.

பூக்காம்பை வெட்டுவதா விடுவதா என்பதில் நான் நீண்ட நாள் குழம்பினேன். முதல் சுற்றுப் பூ வாடியதும், காய் முற்றும் முன் அந்தக் கொத்தை எடுத்துவிட்டால் சில வாரத்தில் அதன் கீழிருந்து துளிர்த்து இரண்டாவது சுற்றுப் பூ வரும். உண்மைதான், நூறு நாள் கணக்கு அப்படித்தான் நிறைகிறது. ஆனால் எல்லாவற்றையும் வெட்டினால் காய் இருக்காது. அந்தக் காய்தான் குளிர்காலத்தில் செடிக்கு நகை. பட்டாணி அளவில் பச்சையாக இருந்தது, கறுத்து, பழுப்பாகி, ஆறு பிளவாக வெடித்து, மரத்தில் செதுக்கிய குட்டிப் பூ போல நிற்கும். உள்ளே ஒற்றைச் சிறகு வைத்த விதைகள். காற்றுக்கு ஒவ்வொன்றாகப் போகும். சின்னக் குருவிகள் கொத்தில் தலைகீழாகத் தொங்கிப் பொறுக்கும். பனி படிந்த காலையில் ஒவ்வொரு காயின் ஓரமும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதனால் கை எட்டும் உயரத்துக் கொத்துகளை மட்டும் முதல் சுற்றில் எடுக்கிறேன். மேலே உள்ளதையும், இரண்டாவது சுற்றையும் தொடுவதில்லை. குளிர் முடியும்போது காய் தானாகவே உதிரத் தொடங்கும்.

புதிதாக வைக்கிறவர்களைப் பயமுறுத்தும் விஷயம் ஒன்று: இது துளிர்க்க மிகவும் நேரம் எடுக்கும். சுற்றிலும் எல்லாச் செடியும் பச்சைக்கு வந்துவிட்டிருக்கும். இது மட்டும் குச்சியாக நிற்கும். இரண்டாம் வருடம் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து, "என்னம்மா, உன் செடி பட்டுப்போச்சா?" என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான். ஒரு குச்சியை நகத்தால் லேசாகக் கீறினேன். அடியில் பச்சை. "இல்லக்கா, உயிர் இருக்கு, பாருங்க" என்று காட்டினேன். இரண்டு வாரம் கழித்துத் துளிர் வந்தது, செம்பு நிறத்தில். காய்ந்தது என்று நினைத்துப் பிடுங்கி எறிவதற்கு முன் ஒருமுறை கீறிப் பாருங்கள். கோடை தொடங்கும் வரையாவது பொறுங்கள். கடுங்குளிரில் தண்டு செத்தாலும் தூரிலிருந்து மறுபடி வருவது இதன் குணம்.

தண்ணீர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு வருடம் வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றினேன். பிறகு வறட்சி நீளும்போது மட்டும். மொட்டுக் கட்டும் நேரத்தில் மண் வறண்டால் மொட்டு உதிரும், அப்போது மட்டும் கவனம் தேவை. சற்றே அமிலத்தன்மை உள்ள, நீர் தேங்காத மண் போதும். தூரைச் சுற்றி இலைச் சருகு மூடாக்கு போடுகிறேன், தண்டைத் தொடாமல் நாலு விரல் விட்டு.

இடத்தைக் கணக்கிடுவதில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். நாட்செஸைப் புதர் என்று நினைத்துச் சுவரிலிருந்து ஐந்தடியில் வைத்தேன். அது உண்மையில் சிறு மரம். 6 மீட்டரைத் தாண்டக்கூடியது. இப்போதே கூரை விளிம்பைத் தொடுகிறது. உயரம் அதிகமாகிவிட்டது என்று தலையை வெட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை இதுதான்: இடத்துக்குப் பொருந்தாத ரகம். 1 மீட்டருக்குள் நிற்கும் குட்டை ரகம் உண்டு, 3 மீட்டரோடு நிற்கும் நடுத்தர ரகம் உண்டு. பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் முழு வளர்ச்சியில் எத்தனை உயரம் என்று கேட்டிருந்தால், இன்று அந்தச் சுவரோரம் ஒரு டோன்டோ நின்றிருக்கும்.

தொட்டியில் உள்ள குட்டை ரகம் பூவுக்குக் குறை வைப்பதில்லை. ஆனால் பட்டை என்று சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை, தண்டு அவ்வளவு தடிக்காது. பால்கனி மட்டும் உள்ளவர்கள் பூவுக்காகத் தாராளமாக வைக்கலாம். எனக்கு அது பாதிச் செடியாகத்தான் தோன்றுகிறது.

போன குளிர்காலத்தில் நாட்செஸில் உரசிக்கொண்டிருந்த ஒரு கிளையை எடுத்தபோது அதைப் பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் துண்டு போட்டேன். மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் முக்கால் பாகம் உள்ளே போகச் செருகி வைத்தேன். எட்டில் ஐந்து பிடித்தது. அதில் ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். "எப்ப வெட்டணும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "வெட்டவே வேண்டாம்க்கா. நாலு வருஷம் பொறுங்க, நான் வந்து பட்டையைக் காட்டறேன்" என்றேன்.

இளஞ்சிவப்புச் செடியின் ஐந்து தண்டில், நடுவில் நிற்பது இந்த வருடம் பக்கத்துத் தண்டை நெருங்கிவிட்டது. அடுத்த துளிர்ப்புக்கு முன்னால் அதை அடியோடு எடுப்பதா, இன்னும் ஒரு வருடம் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில்தான் பட்டை நன்றாக உரிந்திருக்கிறது.